சட்டைப் பாக்கெட்டில் இருந்த வியாதி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொய் சொன்னேன். அரசாங்கத்திடம். அதுவும் எழுத்துப்பூர்வமாக!

எங்கள் கொரட்டூர் குடியிருப்புக் கூடத்துக்கு சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். மாநிலத்தில் எல்லோருக்கும் — ஏழை, பணக்காரர், நடுவில் தொங்கும் என் போன்றவர் — கட்டுப்படியாகிற மருத்துவக் காப்பீடு கொண்டுவரத் திட்டம் போடுகிறார்களாம். அதற்கு வீட்டுக்கு வீடு விவரம் வேண்டுமாம். எனக்குப் புல்லரித்தது. நடக்கிற காரியமா இது? நடந்துவிட்டால்...?

படிவம் வந்தது. 'வீட்டில் யாருக்கேனும் நாள்பட்ட நோய் உண்டா?'

'இல்லை' என்று எழுதினேன். பன்னிரண்டு வருடமாக சுகர்! என்ன செய்ய... காப்பீட்டுப் படிவத்தைக் கண்டாலே கை தானாக 'இல்லை' என்று எழுதிவிடுகிறது. உண்மையை எழுதினால் பிரீமியம் ஏறும் என்கிற பழைய பயம்.

அதிகாரி படிவங்களைப் புரட்டினார்.

"நாப்பது வீட்டுல ஒரு வீட்டுக்குத்தான் வியாதியா? கொரட்டூர் தண்ணியில அப்படி என்னங்க இருக்கு?"

அந்த ஒரு வீடு, தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுக்கும் தனத்தின் வீடு. கணவருக்கு இதயத்தில் அடைப்பு. தனம் எழுந்தார்.

"இன்னா சார் இது? 'வியாதி முன்னாடியே கீது, தர முடியாது'ன்னு எங்க ஊட்டுக்காரரை எல்லாக் கம்பெனியும் தொரத்திட்டான். நீங்கல்லாம் சொகமா கீறோம்னு எழுதிக் குட்த்தா, வியாதிக்காரனே இல்லன்னு கவர்மென்ட்டும் உட்டுட்டுப் பூடாதா?"

தனத்தின் பார்வை என்மேல் வந்து நின்றது.

"உன் சட்டைப் பாக்கெட்லேர்ந்து சுகர் மாத்திரைய எத்தினி தபா எடுத்துக் குட்த்துகீறேன்? மத்தவங்க பாக்கெட்ல இன்னா இருந்துச்சுன்னு சொல்லட்டா?"

சொல்ல அவசியமே வரவில்லை. "மேடம், என் ஃபாரத்தைக் கொஞ்சம் குடுங்க!" என்று முதலில் எழுந்தவன் நான். மாடிவீட்டுப் பேராசிரியர் தைராய்டை எழுதினார். சங்கச் செயலாளர் ஆஸ்துமாவை. முதல் பந்திக்கு இடம் பிடிப்பதுபோல் வியாதியை எழுத முண்டியடித்த கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

"ஏற்கெனவே இருக்கிற நோயையும் காப்பீட்டுல சேர்க்கணும்னுதான் நாங்க கேக்குறோம்," என்றார் அதிகாரி. "மேலிடத்துல காட்ட ஆதாரம் வேணாமா?"

தனம் அப்போதுதான் உட்கார்ந்தார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காப்பீட்டுப் படிவத்தில் உண்மை! வீட்டுக்கு மிதந்து வந்தேன்.

மறுநாள் தேய்த்த சட்டைகளோடு தனம் ஒரு மாத்திரை அட்டையையும் நீட்டினார்.

"இது சுகர் இல்ல, பிரஷரு. இத எழுதுனியா சார்?"

பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்...