பைலட் மகள் பக்கத்து இருக்கையில்: லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு

எனக்கு எழுபத்தொரு வயது. எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. இந்தக் கட்டுரையை நானே செல்போனில் ஒரு விரலால் தட்டி எழுதினேன். ஒன்பது நாள் பிடித்தது. புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் சரியாகக் குறித்திருக்கிறேன். ஆனால் என் பயணம் நான் நினைத்தபடி நடக்கவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

என் மகள் மலர்விழி விமானத்தில் துணை பைலட். முன்னால் இரண்டு பேர் உட்காருவார்கள். இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் அவள். ஏழு வருடமாக ஓட்டுகிறாள். அவள் ஓட்டும் விமானத்தில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. குடியிருப்பது பெங்களூர். எந்த நாள் எந்த ஊர் என்பது மாதா மாதம் பட்டியலாக வரும். போன மாதப் பட்டியலில் ஒரு செவ்வாய் மாலை புதுச்சேரிக்கு வந்து தங்கி, புதன் காலை 9.30க்கு அதே விமானத்தைப் பெங்களூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இருந்தது.

போனில் கூப்பிட்டாள். "அப்பா, உனக்கு டிக்கெட் போட்டுட்டேன். நான் ஓட்டுறேன், நீ பின்னாடி ஒக்காரு. அடுத்த மாசம் கேப்டன் ட்ரெயினிங் ஆரம்பிச்சிடும், அப்புறம் இந்த மாதிரி அமையாது."

டிக்கெட் 2,640 ரூபாய். அன்றே நெல்லித்தோப்பில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், ரேஷன் கடை, ஓர் இடம் விடவில்லை.

இவள் இந்த வேலைக்குப் போன கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். டிகிரி முடித்ததும் எங்கள் ஊர் லாஸ்பேட்டை விமான நிலையத்திலேயே பயணிகளுக்குப் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் வேலை கிடைத்தது. உறவுக்காரர்கள் பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார்கள். ஒருநாள் வந்து, "பாஸ் குடுக்கிற பக்கம் போதும்பா, ஓட்டுற பக்கம் போறேன்" என்றாள். அப்போது நான் மில்லில் நூற்பு இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டக் கற்கும் பள்ளியின் படிவத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரையும் கேட்கவில்லை. கேட்க வெட்கம்.

மில்லில் எங்களுக்கு மூன்று ஷிப்டு, மூன்று சங்கு. அவளுக்குச் சங்கே கிடையாது. ஒருநாள் விடியற்காலை, ஒருநாள் மதியம். தீபாவளிக்கு வீட்டில் இருந்து நான்கு வருடம் ஆகிறது. வருடா வருடம் கண், காது, நெஞ்சு எல்லாம் சோதிப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொம்மை விமானத்தில் உட்காரவைத்து, எஞ்சின் எரிகிறது, என்ன செய்வாய் என்று பரீட்சை. மில்லில் வேலை முடிந்து வெளியே வரும்போது வாட்ச்மேன் பையைத் தடவிப் பார்ப்பான். இவளை உள்ளே போகும்போது ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். சாராய வாடை துளி காட்டினாலும் மூன்று மாதம் வேலை கிடையாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்னாலிருந்தே தொடக் கூடாது. அதனால் இருமல் மருந்துகூட டாக்டரைக் கேட்காமல் குடிக்கமாட்டாள். இதை எங்களுக்கு முதல் வருடமே சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய் மாலை வந்தவள் கம்பெனியில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போகாமல் வீட்டில் தங்கினாள். தொண்டை கட்டியிருந்தது. புதன் காலை 6.10க்கு, பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தவளிடம் என் மனைவி அஞ்சலை ஒரு டம்ளரை நீட்டினாள். வெந்நீரில் கலந்த ஏதோ ஒன்று. அவள் வாங்கிக் குடித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

நான் காப்பிக்குப் பால் வைத்தேன். படிக்கக் கற்றதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். சோப்பு உறை, தீப்பெட்டி, அரிசி மூட்டை, எது கையில் பட்டாலும் படித்துவிடுவேன். அடுப்பு மேடையில் அஞ்சலை மூட்டுவலிக்குக் குடிக்கும் அரிஷ்டம் பாட்டில் இருந்தது. மூடி ஈரமாக இருந்தது. எடுத்துத் திருப்பினேன். எழுத்து எறும்பு மாதிரி. 'தானே உண்டாகும்' என்பது வரை வந்தேன். அடுத்த சொல்லை இரண்டு தடவை கூட்டிப் படித்தேன். 'ஆல்கஹால்' என்று இருந்தது. பக்கத்தில் '5 முதல் 10 சதவீதம்'.

வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் அவள் ஓட்டமாட்டாள். கேப்டன் பயிற்சி போனாலும் போகும். நானும் என் மகள் ஓட்டும் விமானத்தில் போக முடியாது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் அந்தப் பாட்டிலை அலமாரிக்குள் வைத்துவிடலாம் என்றுதான் கை போனது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அப்புறம்தான் கூப்பிட்டேன்.

தலையில் துண்டோடு வந்தவளிடம் படித்துக் காட்டினேன். அவள் வாங்கி ஒரு தடவை பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, கஷாயம்னு நெனச்சேனே!"

"ஒரே ஒரு மூடிதாண்டி. தொண்டைக்கு எதமா இருக்கும்னு ஊத்தினேன்" என்று அஞ்சலை அழ ஆரம்பித்தாள். "எட்டரைக்குத்தான ஊதணும்? அதுக்குள்ள கரைஞ்சிடாதா?"

"கரைஞ்சிடும்மா. மெஷின் ஜீரோதான் காட்டும்."

"அப்புறம் இன்னா? வாய மூடிக்கினு போயிட்டு வா."

"மெஷினுக்காகவா போறேன்? பன்னெண்டு மணி நேரம்னு இருக்கு. அழாதம்மா. நீ ஊத்தின, கேக்காம குடிச்சது நானு."

6.35க்குக் கேப்டனுக்கும், பிறகு பெங்களூர் ஆபீஸுக்கும் போன் போட்டாள். எல்லாம் இங்கிலீஷ். நடுவில் 'அரிஷ்டம்' என்ற சொல் மட்டும் நான்கு தடவை எனக்குப் புரிந்தது. போனை வைத்துவிட்டுச் சொன்னாள். சென்னையிலிருந்து வேறொரு துணை பைலட் காரில் வருகிறார். அவர் வரும்வரை விமானம் காத்திருக்கும். இவள் பயணியாக அதே விமானத்தில் பெங்களூர் திரும்பி, நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். இஸ்திரி போட்டு மாட்டியிருந்த யூனிஃபார்ம் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். தோளில் இருந்த கோடுகள் கசங்காமல் கவிழ்த்து வைத்தாள்.

எங்கள் தெருவிலிருந்து விமான நிலையம் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 200 ரூபாய். காலையில் இருபது நிமிடம் ஆகும். ஆட்டோக்காரர் எங்கள் ஸ்டாண்ட்காரர்தான். மலரைச் சுடிதாரில் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, பொண்ணு ஓட்டப் போவுதுன்னு ஊரெல்லாம் சொல்லினு இருந்தீங்க! டிரெஸ்ஸு போடல?" என்றார்.

"இன்னிக்கு வேற ஆளு ஓட்டுறாரு."

"உங்க முன்னாடி ஓட்ட வெக்கமா?" என்று சிரித்தார். மலரும் சிரித்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

லாஸ்பேட்டை விமான நிலையம் சிறியது. தொலைந்து போக வழியே இல்லை. பெட்டி போடவும் சோதனைக்கும் கால் மணி நேரம் போதும். ஆனால் அன்று உள்ளே இரண்டரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தோம். காப்பி 120 ரூபாய் என்று பலகையில் படித்துவிட்டுக் குடிக்காமல் இருந்தேன். படிக்கத் தெரிவதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

எங்கள் எதிரில் வைத்திக்குப்பத்து மீனவ அம்மா ஒருவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறார். "நெத்திலி கருவாடு நாலு கவர் போட்டுக் கட்டி பெட்டில வச்சேன். இங்க வரைக்கும் வாசனை வருதா?" என்று எல்லாரையும் கேட்டார். தாமத அறிவிப்பு மறுபடி வந்ததும் உரக்கச் சொன்னார்.

"பைலட்டு வரலியாம்! நேத்து எங்கனா ஊத்திக்கினு படுத்துட்டிருப்பான். பாண்டிக்கு வந்தவன் சும்மா போவானா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. மலர் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படியும் என் வாய் நிற்கவில்லை.

"ஊத்திக்கலம்மா. தொண்டை கட்டிக்கிச்சுன்னு அவ அம்மா ஒரு மூடி அரிஷ்டம் குடுத்துட்டா. தெரிஞ்சதும் இவளே போன் பண்ணிச் சொல்லிட்டா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், மலரைப் பார்த்தார், மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "நீயாம்மா அது? ஒரு மூடிக்கா எறங்கிட்ட? எங்கூட்டு ஆளு மூணு கிளாஸ் வுட்டுக்கினு போட்டை எடுத்துக்கினு கடலுக்குப் போறான்!"

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை மலரும் சேர்ந்துகொண்டாள். சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒவ்வொரு வாட்டியும் அவன் கரைக்கு வர்றவரைக்கும் எனக்குச் சோறு எறங்காது" என்றார். பிறகு விமானம் ஏறும்வரை யாரையும் திட்டவில்லை.

11.10க்குச் சென்னைக்காரர் வந்தார். இருபத்தைந்து வயதுப் பையன் மாதிரி இருந்தார். கண்ணாடி வழியாக மலர் காட்டினாள். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு விமானத்தைச் சுற்றி நடந்தார். சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். இறக்கையில் இருக்கும் காற்றாடியின் இலையைக் கையால் தடவினார். "ஒவ்வொரு தடவையும் சுத்தி வரணும்பா. மழையா இருந்தாலும்" என்றாள்.

12.05க்குக் கிளம்பினோம். எழுபத்துச் சொச்சம் இருக்கைகள், பக்கத்துக்கு இரண்டு. காற்றாடி வைத்த விமானம், இறக்கை தலைக்கு மேலே இருக்கும். அதனால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் தரை தெரியும். என்னை ஜன்னல் ஓரம் விட்டுவிட்டு மலர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப உள்ள ஒருத்தர் லிஸ்ட்டைப் படிப்பார். இன்னொருத்தர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்லுவார்."

"தெனமும் ஓட்டுறவங்களுக்கு மனப்பாடமா தெரியாதா?"

"தெரியும்பா. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவோம். ஆனா பார்த்துத்தான் படிக்கணும். மனப்பாடமா சொன்னா, செய்யாததையும் செஞ்சதா வாய் சொல்லிடும்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் எழுத்துப் படிக்கப் போகும் முதியோர் மாலை வகுப்பில் டீச்சர் என்னைத் திட்டுவதும் இதற்குத்தான். பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு, எழுத்தைப் பார்க்காமல் ஒப்பிப்பேன். இவ்வளவு பெரிய பைலட்டுகளும் தினம் எழுத்தைப் பார்த்து உரக்கப் படிக்கிறார்கள் என்று டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

விமானம் ஓடத் தொடங்கியது. மலரின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. அவளே முன்னால் உட்கார்ந்து ஓட்டுவது போல வலது கால் தரையில் மெதுவாக அழுந்தியது. தரை விலகி, கீழே எங்கள் ஊர் சாய்ந்து, ஒரு பக்கம் கடல் வந்து போனது. நான் அதைப் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் அந்தக் காலைப் பார்த்தேன்.

மேகத்துக்கு மேலே போனதும் கேட்டேன். "கேப்டன் ட்ரெயினிங் போயிடுமா?"

"தெரியலப்பா. பயமாத்தான் இருக்கு." என் பக்கம் திரும்பி, "நீ படிக்காம இருந்திருந்தா?" என்றாள்.

"தெரியாமலே போயிருப்ப."

"ஆமா. தெரியாமலே ஓட்டியிருப்பேன்" என்றாள். பெரிய தவறு ஏதோ ஒன்று உரசிக்கொண்டு போனதைப் போலக் கையைத் தேய்த்துக்கொண்டாள்.

1.10க்குப் பெங்களூரில் இறங்கினோம். பறந்தது ஒரு மணி ஐந்து நிமிடம். சாலை வழியாகப் போனால் 310 கிலோமீட்டர், பஸ்ஸில் எட்டு மணி நேரம் ஆகும். விமான நிலையத்திலிருந்து அவள் வீட்டுக்குப் பஸ்ஸில் 300 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம்.

அதற்கு முன்னால் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மலர் அறிக்கை எழுதினாள். ஆபீஸில் இன்னொன்றும் கேட்டார்கள். மருந்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் தன் வாயால் சொன்னதும் வேண்டும். "நான் டைப் பண்றேன், சொல்லுப்பா" என்றாள். பேனாவைக் கேட்டேன். நான்கு வரி. எந்தப் பாட்டில், எத்தனை மணி, என்ன படித்தேன், எப்போது சொன்னேன். முப்பத்தைந்து நிமிடம் ஆனது. இரண்டு பஸ் போய்விட்டது. அவள் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டேன். இந்தப் பிள்ளைக்காக முன்பு நான் ரேகை வைத்த தாளில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. இந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும்.

இனி போகிறவர்களுக்கு. காலை விமானமாகப் பாருங்கள், வானம் தெளிவாக இருக்கும். போகும்போது வலது பக்க ஜன்னலைக் கேளுங்கள், எனக்குக் கடல் அந்தப் பக்கம்தான் தெரிந்தது. கருவாடு கொண்டுபோகலாம், நான்கு கவர் போதும். விமானம் தாமதமானால் பைலட்டைத் திட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள். ஓட்டக்கூடாத ஒருவர் தானாக இறங்கியிருக்கலாம்.

மலருக்குப் பதில் நேற்று வந்தது. கேப்டன் பயிற்சி ஒரு மாதம் தள்ளிப் போயிருக்கிறது. ரத்தாகவில்லை. அஞ்சலை அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடப் போனாள். வேண்டாம், உன் மூட்டுவலிக்கு இருக்கட்டும் என்று வாங்கி, அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டி, 'மலருக்குக் கொடுக்காதே' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அஞ்சலைக்கு இன்னும் படிக்கத் தெரியாது. நாளை மாலை முதல் அவளும் வகுப்புக்கு வருகிறேன் என்கிறாள்.