முன்னாள் ஜனாதிபதியின் கடைசிப் பத்தி

“இன்னும் கல்லு மாதிரி இருக்காராம்” என்று போனை வைத்துவிட்டு, ஓலை அக்கா ஒரு கோப்பை மறுபடி இழுப்பறைக்குள் செருகுகிறார். தோள்பையை இறக்குவதற்கு முன்பே இப்படி இரண்டு மூன்று விசாரிப்புகள் முடிந்துவிடும். பெரிய மனிதர்கள் கண்ணை மூடினால் மறுநாள் நாளிதழில் வரவேண்டிய வாழ்க்கைக் குறிப்பை, அவர்கள் நடமாடும்போதே எழுதி வைப்பது அவர் வேலை. எமனுக்கு முன்னால் ஓலை எழுதுகிறவர் என்று அலுவலகம் சூட்டிய பெயர்தான் ‘ஓலை அக்கா’. அவருக்கு வருத்தமில்லை. “எமன் லேட்டா வரலாம். நான் வரக்கூடாது.”

ஐம்பத்தெட்டு வயது. கோப்புகளில் ஆட்களின் வயதை மட்டும் பென்சிலில் எழுதுவார். ஜனவரி பிறந்ததும் உட்கார்ந்து அழித்துத் திருத்துவார். ‘மறைந்தார்’ என்று எவராவது எழுதினால் பிடிக்காது. “மறையறதுக்கு அவர் என்ன சூரியனா? இறந்தார்னு போடு.” வீட்டிலும் இதே கறார்தான். சாப்பாடு எப்படி என்று கேட்டு, கணவர் ‘பரவாயில்லை’ என்றால், “நல்லா இருக்கா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க” என்று கரண்டியோடு நிற்பார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முன்னாள் ஜனாதிபதி இறந்தார். அவர் கோப்பு மட்டும் பதினோரு வருடமாகப் பாதியில் நின்றிருந்தது.

முதல் பாதி சரளமாக வந்தது. மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்சிக்கு வந்து, வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் போட்டவர் அவர். சின்ன வயதில் குடம் சுமந்தே அக்காவின் இடுப்பில் தழும்பு விழுந்திருந்தது. குழாய் வந்தபோது அவருக்குப் பதினாலு வயது. அந்த வருடம்தான் முதல்முறையாக மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்.

இரண்டாம் பாதி ஜனாதிபதியின் ஸ்டெனோ. அக்காவைவிட ஒரு வயது இளைய பெண். அவருக்குப் பிறந்த குழந்தையைத் தன்னுடையது இல்லை என்றார் ஜனாதிபதி. அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று; பொய்க்காரி என்று பட்டம் கட்டினார்கள். குழந்தை ஜனாதிபதியுடையதுதான் என்று நீதிமன்றம் சொல்வதற்குள், மக்கள் அவரை இன்னொரு முறையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அன்று பத்திரிகை ஆசிரியர் அக்காவின் மேசைக்கே வந்தார். “அந்த விஷயத்தைக் கடைசிப் பத்தியில லேசா தொட்டுட்டு விட்டுடுங்க அக்கா. செத்தவரைப் போய் எதுக்குக் கிளறணும்?”

இடம் போதாவிட்டால் கடைசிப் பத்திதான் முதலில் வெட்டுப்படும். அது இருவருக்கும் தெரியும். அக்கா போனை எடுத்தார்.

அந்த ஸ்டெனோ இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

“நல்லதா எழுதப் போறீங்களா, கெட்டதாவா?” என்று கேட்டார்.

“நடந்ததை எழுதணும். அதான் உங்ககிட்ட கேக்கறேன்.”

போனுக்குள் ஜெராக்ஸ் இயந்திரம் நாலைந்து தாள் துப்பிவிட்டு நின்றது. “தண்ணி விட்டாரும்மா. என் வீட்லயும் அந்தக் குழாய்தான். குழந்தையைக் குளிப்பாட்டினதும் அதுலதான். இல்லேன்னு சொன்னா நான் நெஜமாவே பொய்க்காரி ஆயிடுவேன். ஆனா என்னை அப்படிச் சொன்னதும் அந்த ஆளுதான். உங்க பேப்பர்லயும் கொட்டை எழுத்துல போட்டீங்க.”

“போட்டோம்” என்றார் அக்கா. “நான் அப்ப வேலைக்குப் புதுசு. அந்தப் பக்கத்துக்குப் பிழை திருத்தினது நான்தான். ஒரு எழுத்துப்பிழைகூட விடலை.”

மறுமுனையில் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. பிறகு, “கடைக்கு ஆள் வந்திருக்கு. எழுதுங்க, நாளைக்குப் படிக்கறேன்” என்று வைத்துவிட்டார்.

அக்கா ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தார். நாலு மணிக்குத் திருத்தம் பார்க்க அச்சுப்படி வந்தபோது, ஸ்டெனோவைப் பற்றிய வரிகளை ஆசிரியர் கடைசிக்குத் தள்ளியிருந்தார். அக்கா அவற்றைச் சுற்றி வட்டமிட்டு, மேலே குழாய் வந்த கதை முடியும் இடத்துக்கு அம்புக்குறி போட்டு, ‘ஒரே பத்தி’ என்று ஓரத்தில் எழுதி அவரிடம் நீட்டினார்.

“அஞ்சு வரி கூடுதல் அக்கா. இப்படி ஒட்ட வெச்சா நான் எதை வெட்டறது?”

அக்கா தன் பேனாவையும் நீட்டினார்.

ஆசிரியர் வாங்கிக்கொண்டு அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். பிறகு தாளின் மேல்பக்கம் போய், ஜனாதிபதியின் படத்தைச் சின்னதாக்கிக் கோடு இழுத்தார்.