கருமணிச் சட்டம்

ரசலையனுக்கு ஒரு ரேடியோவைக்கூடப் பாட வைக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கருங்கல் ஊரில் பாதிப்பேர் அவரைப் பெரிய மெக்கானிக் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். சவூதியில், தம்மாமில் இருந்த காலமெல்லாம் அவர் செய்த வேலை உடைப்பது. எண்ணெய்க் கம்பெனிகள் கழித்துப்போட்ட பீரோ அளவு கம்ப்யூட்டர்கள் லாரி லாரியாக ஆக்கர் யார்டுக்கு, அதாவது பழைய சாமான் கிடங்குக்கு, வரும். செம்பு வேறு, அலுமினியம் வேறு என்று பிரித்துப் போட வேண்டும். எதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கை வைத்தவர்கள் விரலைக் கிழித்துக்கொண்டார்கள். ரசலையன் கண்டவர்களிடமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பத்து விரலும் பத்திரமாக ஊர் திரும்பினார்.

திரும்பி வந்த பிறகுதான் அவருக்கு மவுசு. வளைகுடாப் பெட்டி இறங்காத வீடு இந்த வட்டாரத்தில் உண்டா? பெட்டிக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அடியில் ஏதாவது ஒன்று கிடக்கும், இன்னதென்று ஒருவருக்கும் தெரியாது. திருவட்டாறில் ஒரு வீட்டுக்காரர் பழைய ஹார்டு டிஸ்கின் தட்டைப் பார்த்து வருடக்கணக்கில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். முட்டத்தில் ஒருவர் கப்பல் ரேடாரின் காந்தத்தில் தூண்டில் முள்ளை ஒட்டி வைத்திருந்தார். ரசலையன் பொருளைக் கையில் வாங்குவார், எடை பார்ப்பார், மோந்து பார்ப்பார், நகத்தால் ஒரு கீறு கீறுவார். பிறகு தலையை நிமிர்த்திச் சொல்லிவிடுவார். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்ததாக யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் கர்வம்தான், ஆனால் சரக்கு உள்ளவரின் கர்வம்.

2011-ல், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், இனயம் என்ற கடற்கரை ஊரிலிருந்து டெல்சி வந்தாள். மடியில், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சட்டம்.

"அண்ணா, இது என்னதுண்ணு நீங்க பாக்கக்கூட வேண்டாம். புண்ணியப் பொருளுண்ணு எங்க அம்மகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போரும்."

விஷயம் இதுதான். டெல்சியின் அப்பா கிளீட்டஸ் பஹ்ரைனில் ஒரு ஆபீஸில் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தவர். ஒருமுறை லீவில் வந்தபோது இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து மனைவி பூங்கனி கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த லீவு வரவில்லை. மாரடைப்பு, அங்கேயே அடக்கம். பூங்கனி சட்டத்தை வீட்டுப் பீடத்தில் சவேரியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். முப்பது வருடமாக அதன் முன்னால் மெழுகுதிரி எரிகிறது. இப்போது மகள் புது வீடு கட்டியாயிற்று. ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்க வரவேண்டிய பங்குச் சாமியார், இன்னதென்று தெரியாத பொருளைப் பீடத்தில் வைக்கக் கூடாது, விசாரித்துச் சொல்லுங்கள் என்றுவிட்டார். அது இல்லாத வீட்டில் நான் கால் வைக்க மாட்டேன் என்று பூங்கனி ஒரே பிடி.

ரசலையன் துணியை விலக்கினார். மோக்கவில்லை, கீறவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு, தலைமயிர் போன்ற செம்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓட, கடுகைவிடச் சிறிய கருப்பு வளையங்கள் ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்டிருந்தன. தம்மாமில் இப்படி எத்தனையோ சட்டங்களைச் சுத்தியலால் அடித்து நொறுக்கியவர் அவர். இப்போது துணியை மறுபடி மெல்லச் சுற்றினார்.

"பிள்ளே, மனுசரப் பத்தி நான் ஆயிரம் பொய் சொல்லுவேன். சாமானத்தப் பத்திச் சொல்ல மாட்டேன். அம்மகிட்ட நானே பேசுதேன், வா."

பழைய வீட்டு முற்றத்தில் பூங்கனி வலை பொத்திக்கொண்டிருந்தாள். கிழிந்த கண்ணிகளில் ஓடிய ஊசி, அவரைக் கண்டதும் நின்றது.

"மக்கா, நானும் வலக்காரியாக்கும். இவ்வளவு சின்னக் கண்ணி மனுசக் கையால வராது. எனக்க மாப்பிள இது என்னதுண்ணு எங்கிட்டச் சொல்லீட்டுத்தான் போனாரு. அதுதான் அவரு எங்கிட்டச் சொன்ன கடேசி வார்த்த. இது புண்ணியப் பொருள் இல்லண்ணு நீ சொன்னா, அவரு சொன்னது பொய்யிண்ணு ஆவும். பாத்துச் சொல்லு."

டெல்சி பின்னால் நின்று கண்ணால் கெஞ்சினாள். கிளீட்டஸ் சொன்னது என்னவென்று மகளுக்குக்கூடத் தெரியாது. பூங்கனி அதை ஒருவரிடமும் வாய்விட்டதில்லை. ரசலையன் மனதில் கணக்குப் போட்டார். பொய் சொன்னால் குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோகும். உண்மையைச் சொன்னால் பூங்கனி இந்தப் பழைய வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"அம்மா, இது மனுசக் கை கோத்ததுதான். வெளிநாட்டுல பொம்பளைகள் உக்காந்து, கண்ணாடி வச்சுப் பாத்து, ஊசியால ஒவ்வொண்ணாக் கோத்தது. பழைய கம்ப்யூட்டருக்க மெமரி. நாம சொல்லுதத அது ஞாபகம் வைக்கணும்லா, அது இந்த வளையத்துலதான் இருக்கும். இப்ப வாற கம்ப்யூட்டருல கரண்டு போனா அந்த மெமரி அப்பவே எல்லாத்தயும் மறந்திரும். இது அப்படி இல்ல. கரண்டு போனாலும் மறக்காது."

பூங்கனி ஊசியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்ன? இன்னொருக்கச் சொல்லு."

"கரண்டு போனாலும் மறக்காதும்மா."

பூங்கனி அழுதாள். பயந்துபோய் ஓடிவந்த டெல்சியைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இதத்தானட்டி அவரு சொன்னாரு! 'இது மறக்காது பூங்கனி, கரண்டு போனாலும் மறக்காது' எண்ணாரு. அண்ணைக்கு நம்ம வீட்டுல ஏது கரண்டு? மண்ணெண்ண வெளக்கு. நான் என்னத்தக் கண்டேன்? ஒண்ணையும் மறக்காதது கடவுள் மட்டும்தானேண்ணு பீடத்துல கொண்டு வச்சேன். தப்பு எனக்க மேலயாக்கும். அவரு உள்ளதத்தான் சொல்லியிருக்காரு."

ஆபீஸ் துடைக்கப் போன மனிதர் அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ! தன்னைப்போலவே அவரும் கண்டவர்களிடமெல்லாம் கேட்டிருப்பார் என்று ரசலையனுக்குத் தோன்றியது. முன்பின் பார்த்திராத கிளீட்டஸ் மேல் அவருக்குப் பெரிய மரியாதை வந்தது.

புது வீட்டில் சட்டத்தைப் பூங்கனி தன் கையாலேயே மாட்டினாள். பீடத்தில் இல்லை, கூடத்துச் சுவரில், கிளீட்டஸின் போட்டோவுக்குப் பக்கத்தில். மந்திரிப்புக்கு வந்த சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே அதன் முன்னால் நின்று, இது என்னவென்று தெரிந்ததா என்று கேட்டார். பந்தலில் இருந்த எல்லாரும் ரசலையனைப் பார்த்தார்கள். அவரும் வழக்கம்போல் தலையை நிமிர்த்தினார்.

பூங்கனி முந்திக்கொண்டாள்.

"கம்ப்யூட்டருக்க மெமரி சாமி. எனக்க மாப்பிள அண்ணைக்கே சொல்லீட்டாரு."