ஓடும்போது நோகாத கால்

முதலில் பெடலைத்தான் சந்தேகித்தேன். பெல்ஜியத்தில், வயதுப் பிரிவினருக்கான உலகச் சாம்பியன்ஷிப்பின் இரண்டாவது சுற்றில், இடது தொடை விறைத்துக் கட்டையாகிப்போனது. மிதித்தால் பலமே இல்லை. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடினேன், கால் ஓடியது. திரும்ப ஏறி மிதித்தேன், பழையபடி கட்டை. பெடல்தான் பிழை என்று முடிவு கட்டினேன். சனியன் பிடித்த பெடல்!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சைக்ளோ-கிராஸ் மாரிகாலத்துப் பந்தயம். பூங்காப் புல்லிலும் சேற்றிலும் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். மிதிக்க முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓரத்தில் 'பிட்' என்று ஓர் இடம் உண்டு. அங்கே உங்கள் ஆள், கழுவித் துடைத்த இன்னொரு சைக்கிளோடு நிற்பார். என் ஆள் என் கணவர் ரமணன்.

நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். நாற்பதைத் தாண்டியவள். எனக்குப் பதக்கம் கிடைக்கப்போவதில்லை, அது எனக்கே தெரியும். ஆனால் கிழமை முழுக்க ஊராரின் நோய் வருத்தங்களைக் கேட்டுக்கொண்டு நிற்பவளிடம், ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேற்றுக்குள் மட்டும்தான் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

லண்டன் திரும்பியதும் பெடலை மாற்றினோம். சீட்டை உயர்த்தினோம். பிறகு பதித்து இறக்கினோம். பிறகு சீட்டையே மாற்றினோம். சைக்கிள்காரரின் புத்தி அதுதான்: உடம்பில் எது நொந்தாலும் ஸ்பானரைத் தேடுவது. குட்மேய்ஸிலிருந்து வந்த அம்மா, ரமணன் கராஜில் படும் பாட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். சைக்கிளில ஒரு பிழையுமில்லைப் பிள்ளை. உனக்கு வயசு போட்டுது."

எங்கள் சைக்கிள் கழகத்துப் பயிற்சியாளர் இன்னும் மோசம். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடங்களில் நான் மற்றவர்களை முந்துகிறேன் என்று புளகாங்கிதப்பட்டார். ஓட்டப் பயிற்சியை இன்னும் கூட்டினார். மிதிக்க ஏலாமல்தான் அங்கே உயிரைக் கொடுத்து ஓடுகிறேன் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நோய்க்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

பிறகு வைத்தியர்கள். ஒருவர் தசைப்பிடிப்பு என்றார். ஒருவர் முதுகின் முள்ளந்தண்டைப் படம் எடுத்து, அழகான முள்ளந்தண்டு என்றார். எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். கடையில் நாள் முழுக்க நின்றால் நோகிறதா? இல்லை. படி ஏறினால்? இல்லை. அப்படியானால் எப்போது? குனிந்து, முழு வேகத்தில் மிதிக்கும்போது. அப்படியானால் மிதிக்காதீர்கள்.

இதைச் சொல்வதற்கு இவ்வளவு காலம் படித்திருக்க வேண்டுமா? அம்மா இதை இலவசமாகச் சொல்கிறார். மனோர் பார்க் முருகனிடம் என் பெயருக்கு அர்ச்சனையும் செய்தார். கால் சுகப்பட வேண்டும் என்று கேட்டாரா, சைக்கிள் களவு போக வேண்டும் என்று கேட்டாரா, தெரியாது.

கடைசியில் ஓர் இரத்தக்குழாய் நிபுணரிடம் போய்ச் சேர்ந்தேன். டொக்டர் நிர்மலா, யாழ்ப்பாணத்துக்காரி. என் கதையை இடையில் மறிக்காமல் கேட்ட முதல் ஆள்.

"இதுவரைக்கும் எல்லாரும் உங்களைப் படுக்க வைச்சுத்தானே அளந்தவை?"

"ஓம்."

"படுத்திருக்கிற காலை அளந்து என்ன பிரயோசனம்? அடுத்த முறை சைக்கிளையும் கொண்டு வாங்கோ."

கொண்டு போனேன். சைக்கிளை ஓர் உருளைத் தாங்கியில் பூட்டி, கால் கட்டையாகும்வரை குனிந்து மிதிக்கச் சொன்னார். சுழன்ற சில்லிலிருந்து காய்ந்த சேறு வைத்தியசாலைத் தரையெல்லாம் கொட்டியது. தாதி முறைத்த முறைப்பை இன்றைக்கும் மறக்கவில்லை. இறங்கிய உடனேயே இரண்டு கணுக்காலிலும் இரத்த அழுத்தம் எடுத்தார்கள். வலது காலில் நல்ல அழுத்தம். இடது காலில் பாதிகூட இல்லை.

எண்டோபைப்ரோசிஸ் (இரத்த நாடியின் உட்சுவர் தடித்து, இரத்தம் போகும் வழி ஒடுங்குதல்) என்றார். இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கும் நாடி, வருடக்கணக்காகக் குனிந்து மிதித்ததில் மடிந்து மடிந்து தடித்துவிட்டது. இடுப்பை நிமிர்த்தி ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. குனிந்து மிதித்தால் அடைக்கும். நான் அழுதேன். கவலையில் இல்லை. எனக்கு உண்மையிலேயே ஒரு வருத்தம் இருக்கிறது என்ற சந்தோஷத்தில்.

ஆனால் அவரும் அதே இடத்துக்குத்தான் வந்தார். "ரேஸை விட்டால் ஒண்டும் செய்யத் தேவையில்லை. நடக்கலாம், வேலைக்குப் போகலாம். ரேஸ் வேணுமெண்டால் நாடியை வெட்டித் திருத்தோணும். இரத்தம் கட்டியாகலாம். காலுக்கே ஆபத்து வர இடமிருக்கு, எப்பவாவது அருமையா எண்டாலும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

வீட்டு வாசலில் வைத்து ரமணன் சொன்னார்: "ரேஸை விடுமன், இஞ்சரும்."

"நீங்களுமோ?"

"எனக்கு உம்மட கால் வேணும்."

"எனக்கும் அதுதானப்பா வேணும்! நிக்கிறதுக்கு மட்டும் ஒரு கால் எண்டால் மேசைக்கும் இருக்கு."

அம்மா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. "நோகாத காலை வெட்டக் குடுக்கிறாளாம், விசரி" என்று சொந்தக்காரருக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னார். இதை வாசிக்கும் உங்களை வெட்டச் சொல்லி நான் சொல்லவில்லை. விடுவதும் நல்ல முடிவுதான். ஆனால் அதை உங்களுக்காக மற்றவர்கள் எடுக்க விடாதீர்கள்.

தடித்த பகுதியைத் திறந்து சுரண்டி, காலிலிருந்து எடுத்த நாளத்துண்டால் ஒட்டுப் போட்டார்கள். "டியூபுக்குப் போடுற ஒட்டுத்தானே" என்று ரமணன் பகிடி விட்டார். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் என்னை அனுப்பிவிட்டு அந்த மனிதர் நடைபாதையில் வாந்தி எடுத்ததைத் தாதிதான் பிறகு சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகு குனிய ஏலாது, இருமப் பயம். பார்க்க வந்தவர்கள் சூப்போடு வந்தார்கள், "இனிச் சைக்கிள் இல்லைத்தானே?" என்ற கேள்வியோடும் வந்தார்கள். சூப்பை வாங்கிக்கொண்டேன். காலையில் எழுந்ததும் பாதத்தின் மேற்புறத்தில் விரலை வைத்துத் துடிப்பைத் தேட டொக்டர் பழக்கியிருந்தார். அதைத் தொட்ட பிறகுதான் எனக்குப் பொழுது விடியும். இப்போதும் அப்படித்தான். முன்பு என் காலம் அடுத்த பந்தயம்வரை நீண்டு கிடக்கும். இப்போது அது அந்த விரலடியில் துடிக்கும் அளவுதான். கால் என்னுடையது என்று முன்புபோலச் சும்மா நினைக்க முடிவதில்லை. ஒவ்வொரு விடியலிலும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

போன மாரியில் மறுபடியும் சாம்பியன்ஷிப். இரண்டு பேரோ மூன்று பேரோதான் எனக்குப் பின்னால். மூச்சு வாங்குகிறது, வாயெல்லாம் சேறு. பிட்டை நெருங்கும்போது ரமணன் தடுப்புப் பலகைக்கு மேலால் எட்டிக் கத்தினார்:

"கால் நோகுதே?"

"ஓம்!"

அவர் முகம் செத்துப்போனது. "எது?"

"ரெண்டும்! ரெண்டும் ஒரே மாதிரி நோகுதப்பா!"

மனிதர் "முருகா!" என்று கையிலிருந்ததை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தலைக்கு மேல் தட்டினார். நான் மாற்றி ஏற வேண்டிய, கழுவித் துடைத்த சைக்கிள் சேற்றில் குப்புற விழுந்தது.