கம்பில்லாத மண்டோர்

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். யோகேஸைக் காய்ச்சல் கொண்டுபோனதிலிருந்து இவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. இவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் தம்பி அழைத்தான். "அக்கா, யோகேஸ் அக்கா போய்ட்டாங்க. டிங்கிக் காய்ச்சல்."

ஆறாம் படிவத்தில் நம்மோடு படித்தவள், அடுத்த மாதம் கலை வரலாற்றில் பட்டம் வாங்கியிருப்பாள். அலுவலக வேலையை விட்டுவிட்டு அதைப் படிக்கப் போவதாக அவள் சொன்னது, புக்கிட் ரோத்தானில் அவள் அம்மாவின் ஒட்டுக்கடையில். நானும் இருந்தேன்.

"படம் பாக்குறதுக்கு யுனிவர்சிட்டியா? டிவி வீட்லயே இருக்குலா!" என்றார் அம்மா, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மடித்துக்கொண்டே.

"பாக்குறதுக்கு இல்லம்மா. ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு கேக்குறதுக்கு."

"கேட்டா சம்பளம் குடுப்பானா?"

"குடுக்க மாட்டான். அதான் உன் கடை இருக்கே."

இறுதியாண்டு ஆய்வுக்கு, அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டக் கோயிலின் காவல் தெய்வத்தை எடுத்துக்கொண்டாள். காக்கிக் கால்சட்டை, தொப்பி, கையில் டார்ச்லைட். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோரின் அதே உடுப்பு. அங்குள்ளவர்கள் 'மண்டோர் சாமி' என்றே கும்பிடுகிறார்கள். ஆய்வுத் தலைப்பிலும் அப்படியே எழுதினாள். அப்படி ஒரு தெய்வம் எந்த நூலிலும் இல்லை என்று விரிவுரையாளர் அந்தத் தலைப்பை அடித்துவிட்டார். "நூல்ல இல்ல, அசாம் ஜாவாவுல இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்டி" என்று சிரித்தாள்.

என்னையும் அழைத்துப்போய்க் காட்டினாள். "அடிச்சு வேலை வாங்குனவன் உடுப்ப ஏன்டி சாமிக்குப் போட்டாங்க?" என்று கேட்டேன்.

"கையப் பாரு. விடியறதுக்கு முந்தி தோட்டத்தச் சுத்தி வந்தவன் மண்டோர்தான். காவல்னா இவங்களுக்கு அவன்தான் தெரியும். அதனால உடுப்பக் குடுத்தாங்க, தொப்பியக் குடுத்தாங்க. கம்ப மட்டும் குடுக்கல."

தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த மக்கள் யோசித்துச் செய்த காரியம் அது. அதைக் கண்டு எழுதியவள் நம் யோகேஸ். அவள் வைத்த தலைப்போடுதான் ஆய்வு தேறியது. மாணவர் கண்காட்சியில் வைத்த அந்தச் சாமியின் படத்துக்கு முன்னால் அவள் அம்மா நின்றுகொண்டு, "இது எங்க மண்டோர் சாமி. கையில கம்பு கெடையாது. ஏன்னு கேளுங்க!" என்று போவோர் வருவோரை மறித்தார். "இப்ப யாருடி காரணம் கேக்குறது?" என்றாள் யோகேஸ் என் காதில்.

கோயிலுக்கு இப்போது கும்பாபிஷேகம் வருகிறது. யோகேஸின் காரியம் முடிந்ததும் கோயில் நிர்வாகக் குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். "அந்தப் பொண்ணு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து மல்லுக்கு நிக்கும்மா. அதான் சாமியத் தொடாம விட்டு வெச்சோம். வேட்டி கட்டி, அருவா குடுத்து, முறையா மாத்திடலாம்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. இனிமே யாரு வந்து கேக்கப்போறா?"

"நாங்க வரோம் அண்ணே" என்று சொல்லிவிட்டேன். உங்களையும் சேர்த்துத்தான்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியும். எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசியவள் இல்லை. அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பிடிவாதத்தை. அவள் கண்டதை அவள் இடத்தில் நின்று சொல்லப்போகிறேன். தனியாக நின்றால் குரல் நடுங்கும்.

கூட்டம் இந்த ஞாயிறு காலை, கோயிலிலேயே. யார் யார் வருகிறீர்கள்? சீக்கிரம் பதில் போடுங்கள்.