அட்டைப்படத்தில் விளைந்த வலம்புரி

மைதாப் பசையும் ஈரக் காகிதமும் சேர்ந்த ஒரு வாசம்... எங்க யுனிவர்சிட்டி பதிப்புத் துறை குடோனுக்குள்ள நுழைஞ்சாலே மூக்கைப் பிடிக்கும். நான் அங்க டெம்பரரி புரூஃப் ரீடர். எங்க புத்தகங்களைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சது கரையான் மட்டும்தான்.

அப்போ தூத்துக்குடி சங்குகுளி பத்தி ஒரு புத்தகம் போட்டோம். அட்டைக்கு மிக்கேல் அண்ணாச்சிகிட்ட ஒரு சங்கு இரவல் வாங்கிப் படம் எடுத்தோம். அவர் கடல்ல முங்கி சங்கெடுக்கிறவர். உள்ள, அட்டைச் சங்கு அவரோடதுன்னு நன்றியும் போட்டோம்.

பிரஸ்ல அந்தப் படத்தோட ஃபிலிமைத் திருப்பி வச்சு அடிச்சுட்டாங்க. சாதாரண இடம்புரிச் சங்கு, லட்சத்துல ஒண்ணா கிடைக்கிற வலம்புரி ஆகிப்போச்சு!

புரூஃப்ல கையெழுத்து போட்டது யாரு? நான்தான். ஒற்றுப்பிழை ஒண்ணு விடாம பார்த்த மகராசி, சங்கு எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்க்கலை. புதுக்கோட்டைக்காரி, கடலைப் பார்த்ததே பஸ் ஜன்னல் வழியாத்தான்.

மூணே நாள்ல அண்ணாச்சி வீட்டு வாசல்ல கூட்டம். காயல்பட்டணத்து வியாபாரி, சாத்தான்குளத்து ஜோசியர்... பத்து வருஷமா பேசாத மச்சான் பழத்தோட வந்துட்டாராம். அவர் தன்கிட்ட வலம்புரி இல்லைன்னு சத்தியம் பண்ணினா, ஒளிச்சு வச்சிருக்கார்னு பேச்சு.

அண்ணாச்சி அந்தச் சங்கையும் எடுத்துக்கிட்டு நேரா ஆபீசுக்கே வந்துட்டார். அவர் கம்ப்ளைண்ட் எழுதிக் கொடுத்தா உனக்கு வேலை இல்லைன்னு டைரக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏளா, நாப்பது வருசமா முங்கியும் எனக்குக் கெடைக்காதத நீ ஒரு கையெழுத்துல குடுத்துட்டியே."

சொல்லிட்டு அவரே சிரிச்சுட்டார். கம்ப்ளைண்ட் வேண்டாம், ஊர் நம்புற மாதிரி ஏதாவது ஒட்டுங்கன்னார்.

பிழைதிருத்தச் சீட்டு அடிச்சோம். 'அட்டையிலுள்ள சங்கைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்கவும்.' மிச்சமிருந்த எல்லாப் பிரதியிலும் நானே உட்கார்ந்து ஒட்டினேன்.

அதைப் பார்க்கவே ஜனம் புத்தகம் வாங்குச்சு. எனக்குத் தெரிஞ்சு எங்க துறையில வித்துத் தீர்ந்த ஒரே புத்தகம் அதுதான்.

இப்போ எல்லாம் பிடிஎஃப். தப்பிருந்தா ஒரு நிமிஷத்துல மாத்திடுறாங்க... சண்டை போட ஒரு ஆளும் படியேறி வர்றதில்லை. எனக்கு அது ஏக்கமாத்தான் இருக்கு.

"இது என் வீட்டுல கெடந்தா திரும்ப வருவானுவ, நீயே வச்சுக்க"ன்னு அன்னைக்கு அந்தச் சங்கை என் மேஜையிலயே வச்சுட்டுப் போயிட்டார். இப்போ அண்ணாச்சி இல்லை. சங்கு என் வீட்டு டிரஸ்ஸிங் டேபிள்ல இருக்கு.

தினமும் தலை சீவும்போது பார்ப்பேன். கண்ணாடிக்குள்ள இன்னும் வலம்புரிதான்.