கணக்கு சார் குனியமாட்டார்

அந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதுவரை எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர். பெரிய பள்ளிக்குப் போனால் மணிக்கொரு முகம். பிள்ளைகள் அங்கே போய் மிரளக்கூடாது என்று, ஆண்டுக் கடைசியில் டீச்சர் தானே பல வேஷம் கட்டுவார். மணி அடித்ததும் வெளியே போய், கணவரின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமியபடி கணக்கு சாராகத் திரும்பி வருவார்.

"சார், மீசைய வீட்டிலயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கடைசி பெஞ்சு கேட்கும்.

"நாளைக்கு நீ வாய வீட்டுல வச்சுட்டு வா, நான் மீசையோட வரேன்" என்று சாரும் விடமாட்டார்.

சிரிக்காமல் இருப்பவள் ஒருத்திதான். அவளுக்கு 'ரகசியம்' என்று பட்டப்பெயர். எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். மேசையருகே வந்து நிற்பாள்; டீச்சர் குனிவார்; காதும் காதும் வைத்த மாதிரி சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். பென்சில் தொலைந்தது முதல், படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மா இன்று எழுந்து உட்கார்ந்தது வரை எல்லாம் அந்தக் காது வழியாகத்தான்.

பெரிய பள்ளியில் இவளுக்காக யார் குனியப்போகிறார்கள்? அந்தக் கவலை டீச்சரை அரித்தது. ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நிமிர்ந்தே நின்றார்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லும்மா. கணக்கு சார் குனியமாட்டாரு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். பல நாள் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள், "தண்ணி குடிக்கப் போகலாமா டீச்சர்?" என்று குரல் வந்தது. வகுப்பே கைதட்டியது. டீச்சருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லக்கூடியவை மட்டுமே இப்போது தன்னிடம் வருகின்றன என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அப்புறம் சில நாள் அவள் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

அவள் திரும்பி வந்தபோது கணக்கு சாரின் நேரம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "யாரும்மா நீ? இத்தனை நாளா எங்க போயிருந்தே? காரணம் சொல்லு!" என்று டீச்சர் அதட்டினார். கடைசி பெஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அவள் எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே கணீரென்று சொன்னாள்.

"எங்கம்மா இறந்துட்டாங்க சார். அதான் வரல."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளிடம் போனார். குனிந்தார். "நான்தாண்டா கண்ணு, டீச்சர்" என்றார்.

"தெரியும் சார்" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கும்படி. "உட்காரலாமா?"